ஒரு பக்கெட் தண்ணிய மண்ணு குடிச்சிடுச்சுன்னா செப்டிக் டேங்குக்கு அந்த நிலம் போதுமா?

கேள்வி இதுதான்: பாதாள சாக்கடை இல்லாத இடத்துல ஒரு மனை பாத்து வச்சிருக்கீங்க, வீட்டுக் கழிவுநீர் மொத்தமும் செப்டிக் டேங்க் வழியா அங்கயே மண்ணுக்குள்ளதான் போகணும், விக்கிறவர் "இந்த மண்ணு தண்ணிய நல்லா இழுக்கும்"னு சொல்றார், நீங்களும் ஒரு முழம் தோண்டி ஒரு பக்கெட் தண்ணி ஊத்திப் பாத்தீங்க, கால் மணி நேரத்துல காணாம போயிடுச்சு. இத நம்பி வாங்கலாமா?

வாங்காதீங்க, இன்னும் வேலை இருக்கு. அந்த பக்கெட் தண்ணி உங்களுக்கு கிட்டத்தட்ட ஒண்ணுமே சொல்லல. காஞ்ச மண்ணு முதல் பக்கெட்ட தாகத்துக்குக் குடிக்குது, அவ்வளவுதான். நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது தாகம் தீந்தப்புறம், மழைக்காலம் முடியற நேரத்துல, தினமும் நூத்துக்கணக்கான லிட்டர் வந்துட்டே இருக்கும்போது அதே மண்ணு என்ன பண்ணும்ங்கறது.

இன்னொரு விஷயத்தையும் முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் இதுல தப்பா நினைச்சிட்டிருக்காங்க. செப்டிக் டேங்க் கழிவுநீர சுத்தம் பண்ணிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. டேங்க் செய்யறது பாதி வேலை கூட இல்ல. கெட்டியானது அடியில படியும், எண்ணெயும் கொழுப்பும் மேல ஏடு மாதிரி மிதக்கும், நடுவுல இருக்கற தண்ணி வெளிய வரும். அந்தத் தண்ணியில கிருமி அப்படியேதான் இருக்கு. அத உண்மையில சுத்தம் பண்றது டேங்குக்கு அப்புறம் இருக்கற மண்ணுதான். மண்துகளுக்கு நடுவுல காத்து இருக்கணும், அந்த காத்தை வச்சு வாழற நுண்ணுயிர்கள் இருக்கணும், தண்ணி துகள் மேல மெல்லிசா படிஞ்சு மெதுவா இறங்கணும், அப்பதான் கிருமி வடிகட்டப்பட்டு சாகும். டேங்க்லேர்ந்து வர்ற தண்ணிய மண்ணுக்குள்ள விடறதுக்கு வெட்டற நீளமான பள்ளத்துக்கு ட்ரெஞ்ச்னு பேர். இந்த சுத்தத்துக்கு ட்ரெஞ்ச் அடிக்குக் கீழ 60-லேர்ந்து 120 சென்டிமீட்டர் வரைக்கும் தண்ணி தேங்காத, காத்தோட்டமான மண்ணு வேணும்னு பல நாட்டு விதிகள் கேக்குது. அதனால கேள்வி "தண்ணிய இழுக்குதா"ங்கறது மட்டும் இல்ல, "சுத்தம் பண்ற அளவுக்கு நிதானமா இழுக்குதா"ங்கறதும்தான். ரொம்ப வேகமா இழுக்கற மண்ணும் ஃபெயில்தான், அது உங்க கிணத்துக்கே கழிவ கொண்டு போய் சேத்துடும்.

சரி, எங்க ஆரம்பிக்கறது? தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி மண்ண பாருங்க. ட்ரெஞ்ச் வரப்போற இடத்துல ஒரு ஒன்றரை மீட்டர்லேர்ந்து ரெண்டு மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி எடுங்க, மெஷின் வச்சு எடுத்தா சீக்கிரம் முடியும். ஒரு எச்சரிக்கை, இடுப்புக்கு மேல ஆழம் போயிட்டா முட்டு குடுக்காம உள்ள இறங்காதீங்க, குழி சுவர் சரியறதுக்கு ஒரு நொடி போதும், ஆள் உள்ள மாட்டினா வெளிய எடுக்க நேரமே இருக்காது. ஒரு பக்கம் சரிவாவோ படியாவோ வெட்டிக்கோங்க, இல்ல ஒவ்வொரு அடிக்கும் எடுத்த மண்ண வரிசையா வெளிய குமிச்சு வச்சு பாருங்க.

இப்ப ஒவ்வொரு அடுக்குலேர்ந்தும் ஒரு பிடி மண்ண எடுத்து, கல்லு வேரெல்லாம் பொறுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா தண்ணி விட்டு கையில பிசைங்க. சப்பாத்தி மாவு பதம் வந்ததும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு அழுத்தி ரிப்பன் மாதிரி வெளிய தள்ளுங்க. உருண்டையே பிடிக்காம உதிர்ந்தா மணல். ரிப்பன் ரெண்டரை சென்டிமீட்டர் வர்றதுக்குள்ள உடைஞ்சா மணலும் வண்டலும் களியும் கலந்த நல்ல மண்ணு. ரெண்டரைலேர்ந்து அஞ்சு சென்டிமீட்டர் வந்தா களி கொஞ்சம் தூக்கலா இருக்கு. அஞ்சுக்கு மேல பளபளன்னு நாக்கு மாதிரி தொங்கிச்சுன்னா அது களிமண், அங்க கவனம் வேணும். விரல்ல நரநரன்னா மணல் இருக்கு, பவுடர் மாதிரி வழவழன்னா வண்டல், பிசுபிசுன்னு ஒட்டினா களி. களித் துகளோட அளவு 0.002 மில்லிமீட்டருக்கும் கீழ, மணல் துகள் 0.05-லேர்ந்து 2 மில்லிமீட்டர் வரைக்கும். துகள் நைஸா போகப்போக நடுவுல இருக்கற சந்தும் சுருங்கும், தண்ணி போற வேகமும் குறையும்.

பிசையறது மட்டும் போதாது, கட்டியா எடுத்து உடைச்சும் பாருங்க. சின்னச் சின்ன உருண்டையா, கட்டம் கட்டமா உதிர்ந்தா அந்த இடுக்கு வழியா தண்ணி இறங்கும், களி கலந்திருந்தாக்கூட வேலைக்கு ஆகும். தட்டு தட்டா பக்கவாட்டுல உரிஞ்சு வந்தா தண்ணி கீழ போகாது, பக்கத்துல ஓடும். உடைக்கவே முடியாத ஒரே பாளமா இருந்தா, அல்லது கடப்பாரை "டங்"னு சத்தம் போடற இறுகின அடுக்கு இருந்தா, அது எத்தனை சென்டிமீட்டர்ல ஆரம்பிக்குதுன்னு எழுதி வச்சுக்கோங்க, பின்னாடி ட்ரெஞ்ச் ஆழத்த முடிவு பண்றதே அதுதான்.

அடுத்தது கலர். எனக்கு மொத்த வேலையிலயும் ரொம்ப முக்கியமானது இதுதான். காத்தோட்டம் இருக்கற மண்ணுல இரும்பு துரு பிடிச்ச நிலையில இருக்கும், அதனால செவப்பா, பழுப்பா, மஞ்சளா ஒரே சீரா தெரியும். மாசக்கணக்குல தண்ணி தேங்கற மண்ணுல ஆக்சிஜன் தீந்துடும், இரும்பு கரைஞ்சு போயிடும், மண்ணு சாம்பல் கலருக்கு வெளுத்துடும். தண்ணி ஏறி இறங்கற மட்டத்துல ரெண்டும் கலந்து, சாம்பல் திட்டுக்கு நடுவுல ஆரஞ்சு துருப்புள்ளி புள்ளியா, வேர் போன தடத்துல துருக்கோடா தெரியும். நீங்க உச்சி வெயில்ல போய் பாத்தாலும், குழி எலும்பா காஞ்சு கிடந்தாலும், மழைக்காலத்துல தண்ணி எந்த மட்டம் வரைக்கும் ஏறி நிக்குதுங்கறத அந்தப் புள்ளிகள் சொல்லிடும்.

இதுல நான் ஒரு தடவ சரியா அடிபட்டிருக்கேன். ஆரம்ப காலத்துல ஒரு இடத்துல கோடைல குழியில தண்ணி ஊத்தி டெஸ்ட் பண்ணினேன், தண்ணி 25 மில்லிமீட்டர் இறங்க 12 நிமிஷம்தான் ஆச்சு, நல்ல நம்பர், சந்தோஷமா ஓகே சொல்லிட்டேன். குழியில 70 சென்டிமீட்டருக்குக் கீழ மண்ணு வெளுப்பா இருந்தத பாத்தேன், ஆனா என்ன அர்த்தம்னு யோசிக்கல. முதல் மழைக்காலத்துலயே ட்ரெஞ்ச் முழுக்க நிலத்தடி நீர் ஏறி, கழிவுநீருக்கு போக வழியில்லாம பாத்ரூம் தரை வழியா திரும்பி வந்துடுச்சு. அந்த வீட்டுல கைக்குழந்தை இருந்தது. அதுக்கப்புறம் கலர் பாக்காம நான் எந்த நம்பரையும் நம்பறதில்ல. அமெரிக்காவுல பல மாநிலங்கள் வெறும் தண்ணி டெஸ்ட்ட விட்டுட்டு இந்த மாதிரி மண் அடுக்கு ஆய்வையே முக்கியமா எடுத்துக்கிட்டதுக்கும் காரணம் இதுதான்.

இப்ப பெர்க்கோலேஷன் டெஸ்ட், சுருக்கமா பெர்க் டெஸ்ட், அதாவது குழியில ஊத்தின தண்ணி மண்ணுக்குள்ள இறங்கற வேகத்த அளக்கறது. 1920-கள்ல நியூயார்க்ல ஹென்றி ரயான்ங்கற இன்ஜினியர் கொண்டு வந்தது. அவர் பண்ணினது ரொம்ப நேரடியான வேலை, ஏற்கனவே ஃபெயில் ஆன, ஃபெயில் ஆகற நிலைல இருந்த செப்டிக் அமைப்புகளுக்குப் பக்கத்துலயே குழி தோண்டி, அங்க தண்ணி இறங்கற வேகத்தையும் அந்த அமைப்புல ஓடின கழிவுநீர் அளவையும் ஒப்பிட்டுப் பாத்தார். இந்த வேகம் இருந்தா இவ்வளவுதான் விடலாம்ங்கற கணக்கு அப்படித்தான் பிறந்தது. அதனால இந்த நம்பர் மண்ணோட நிஜமான ஊடுருவு திறன் இல்ல, குழி அளவு மாறினா நம்பரும் மாறும். சொன்ன அளவுல சொன்ன மாதிரி பண்ணினாதான் அர்த்தம்.

செய்முறை இதுதான். ட்ரெஞ்ச் அடி எந்த ஆழத்துல வருமோ அதே ஆழத்துல டெஸ்ட் பண்ணணும், பொதுவா 60-லேர்ந்து 90 சென்டிமீட்டர். நீங்க பண்ணின மாதிரி மேல்மண்ணுல பண்ணினா அது வேற மண்ணு, வேர் போன ஓட்டையும் புழு ஓட்டையுமா இருக்கும், வேகமாதான் இழுக்கும். 10-லேர்ந்து 30 சென்டிமீட்டர் விட்டத்துல நேரான சுவரோட குழி போடுங்க. ஆகரோ (மண்ணத் துளைக்கற திருகு கருவி) மண்வெட்டியோ ஈரக்களியில பட்டா சுவர வழவழன்னு பூசி விட்டுடும், சந்தெல்லாம் அடைஞ்சு நல்ல மண்ணுகூட ஃபெயில் ஆகும், அதனால ஒரு ஆணியாலயோ கத்தி முனையாலயோ சுத்தி வர சுரண்டி மண்ணோட இயல்பான முகத்த திறந்து விடுங்க. உதிர்ந்தத அள்ளிட்டு அடியில 5 சென்டிமீட்டர் சின்ன ஜல்லி போடுங்க, தண்ணி ஊத்தும்போது அடி கலங்காம இருக்கும்.

அடுத்தது ஊற வைக்கறது, எல்லாரும் ஏமாத்தற இடமே இதுதான். ஜல்லிக்கு மேல 30 சென்டிமீட்டர் தண்ணி நிக்கற மாதிரி ஊத்தி, குறைய குறைய நிரப்பி, குறைஞ்சது 4 மணி நேரம், முடிஞ்சா ராத்திரி முழுக்க வச்சிருங்க, அளவ மறுநாள் எடுங்க. மண்ணு நனையறது ஒண்ணு, உப்பறது இன்னொண்ணு. சந்துல தண்ணி நிறையறது சீக்கிரம் நடந்துடும், ஆனா களித் துகளுக்குள்ளயே தண்ணி போய் அது உப்பி சந்த அடைக்கறதுக்கு மணிக்கணக்கா ஆகும். கரிசல் மண்ணுல இது பயங்கரமா இருக்கும், காஞ்சப்ப கை போற அளவுக்கு வெடிப்பு, ட்ரம் ட்ரம்மா ஊத்தினாலும் போயிட்டே இருக்கும், ஊறி உப்பினதும் அதே இடம் தொட்டி மாதிரி தண்ணிய பிடிச்சு வச்சுக்கும். உங்க பக்கெட் கால் மணி நேரத்துல காலியானது வெடிப்பாலயா இல்லயான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. சுத்தமான மணலா இருந்தா மட்டும் இவ்வளவு ஊற வேண்டாம், ஒரு தடவ நிரப்பினது முழுசா இறங்கினதும் அளக்க ஆரம்பிக்கலாம்.

அளக்கறதுக்கு குழிக்கு குறுக்க ஒரு நேரான பலகைய அசையாம வச்சு, அதுல ஒரு மார்க் போட்டு, அந்த மார்க்லேர்ந்து தண்ணி மேல்மட்டம் வரைக்கும் ஸ்கேலால அளங்க. குழியோட விளிம்புலேர்ந்து அளந்தா விளிம்பு உதிர உதிர கணக்கு போயிடும். மறுநாள் காலைல குழியில தண்ணி மிச்சம் இருந்தா, அத ஜல்லிக்கு மேல 15 சென்டிமீட்டருக்கு கொண்டு வந்து 30 நிமிஷத்துல எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க. தண்ணி இல்லன்னா 15 சென்டிமீட்டருக்கு நிரப்பி, 30 நிமிஷத்துக்கு ஒரு தடவ அளந்து, திரும்ப 15-க்கு நிரப்பி, இப்படி 4 மணி நேரம். கடைசி 30 நிமிஷ இறக்கம்தான் உங்க நம்பர். 30 நிமிஷத்துக்குள்ள மொத்தமும் காலியாகற மணல்னா 10 நிமிஷத்துக்கு ஒரு தடவ, 1 மணி நேரம், கடைசி 10 நிமிஷத்த எடுத்துக்கோங்க.

ஒரு உதாரணம் பாருங்க. ஒரு குழியில வரிசையா 62, 56, 52, 50, 48, 48, 47, 47 மில்லிமீட்டர் இறங்குதுன்னு வைங்க. கடைசி 47. 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிஷம்னா 30-ஐ 25-ஆல பெருக்கி 47-ஆல வகுங்க, 16 நிமிஷம். இதுக்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கு, ஒரு சதுர மீட்டர் ட்ரெஞ்ச் அடிப்பரப்புக்கு ஒரு நாளைக்கு விடக்கூடிய லிட்டர் அளவு, 204-ஐ அந்த நிமிஷத்தோட வர்க்கமூலத்தால வகுத்தா வரும். 16-க்கு வர்க்கமூலம் 4, அதனால 51 லிட்டர். வீட்டுல தினமும் 500 லிட்டர் வெளிய போகும்னா கிட்டத்தட்ட 10 சதுர மீட்டர் வேணும், 60 சென்டிமீட்டர் அகல ட்ரெஞ்ச்னா 16 மீட்டருக்கு கொஞ்சம் மேல. அதே குழியில பொறுமையில்லாம முதல் அளவு 62-ஐயே எடுத்திருந்தா 12 நிமிஷம்னு வந்திருக்கும், ட்ரெஞ்ச் 2 மீட்டர் குறைச்சலா போட்டிருப்பீங்க. நிமிஷம் 49-ன்னு வந்த மண்ணுல இதே வீட்டுக்கு 28 மீட்டருக்கு மேல ட்ரெஞ்ச் வேணும், உங்க மனையில அதுக்கு இடம் இருக்கான்னு பாத்துக்கோங்க.

இங்க ஒருத்தர் நியாயமா கேப்பார், 16 நிமிஷத்துக்கு 25 மில்லிமீட்டர்னா ஒரு நாளைக்கு 2250 மில்லிமீட்டர், அதாவது சதுர மீட்டருக்கு 2250 லிட்டர் இறங்கும் போல இருக்கே, ஏன் வெறும் 51 விடச் சொல்றீங்கன்னு. ரெண்டு காரணம். குழியில தண்ணி பக்கச்சுவர் வழியாவும் போகுது, அது ஒண்ணு. பெரிய காரணம், நீங்க டெஸ்ட் பண்ணினது நல்ல தண்ணியில, வரப்போறது கழிவுநீர். கொஞ்ச மாசம் ஓடினதும் ட்ரெஞ்ச் அடியில கறுப்பா வழவழன்னு ஒரு படலம் உருவாகும், நுண்ணுயிரும் அதோட கழிவும் சேந்த படலம். அது வந்தப்புறம் தண்ணி போற வேகத்த மண்ணு தீர்மானிக்கறதில்ல, படலம்தான் தீர்மானிக்குது. அந்தப் படலம் கெட்டது இல்ல, அதுதான் கிருமிய நல்லா வடிகட்டுது, ஆனா அதுக்கு இடம் குடுத்து டிசைன் பண்ணணும். பழைய ஆளுங்க பட்டுத் தெரிஞ்சுகிட்டதுதான் அந்த 51-க்குள்ள ஒளிஞ்சிருக்கு.

ஒரு குழியோட நிறுத்தாதீங்க. ட்ரெஞ்ச் வரப்போற பரப்பு முழுக்க பரவலா ஆறு குழி போடுறது பழைய வழக்கம், குறைஞ்சது மூணு குழியாவது போடுங்க. அஞ்சு குழி 15 நிமிஷம், ஒண்ணு மட்டும் 80 நிமிஷம்னு வந்தா சராசரி போட்டு அத மறைச்சிடாதீங்க, அந்த மூலையில களி அடுக்கு இருக்கு, ட்ரெஞ்ச்ச அங்கேர்ந்து தள்ளி போடுங்க. பிரிட்டன்ல முறை கொஞ்சம் வேற, 300 மில்லிமீட்டர் சதுரக் குழியில தண்ணி முக்கால்லேர்ந்து காலுக்கு இறங்கற நேரத்த நொடியில எடுத்து, இறங்கின 150 மில்லிமீட்டரால வகுப்பாங்க, 15-லேர்ந்து 100-க்குள்ள வந்தா சரி. உங்க ஊர் விதி எந்த முறைய கேக்குதோ அதையே பண்ணுங்க, ரெண்டையும் கலக்காதீங்க.

25 மில்லிமீட்டருக்கு 60 நிமிஷத்துக்கு மேல ஆச்சுன்னா சாதாரண ட்ரெஞ்ச் அங்க வேலை செய்யாது. ஆழமா ஒரு உறை இறக்கி சோக்பிட் (கழிவுநீர் ஊறிப் போற உறிஞ்சு குழி) போட்டா சரியாயிடும்னு சொல்றவங்கள நம்பாதீங்க, ஆழம் போகப்போக காத்து குறையும், நிலத்தடி நீர் கிட்ட வரும், பிரச்சனை கண்ணுக்கு மறையும், தீராது. அந்த மாதிரி மண்ணுல மேல மணல் மேடு போட்டு அதுக்குள்ள பைப் மூலமா கொஞ்சம் கொஞ்சமா விடலாம், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல 1970-கள்ல நல்லா ஆராய்ஞ்சு உருவாக்கின முறை அது. இல்ல காத்து செலுத்தி சுத்திகரிக்கற யூனிட் வச்சு, நாணல் படுகைக்கு விடலாம். எல்லாத்துக்கும் இடமும் பராமரிப்பும் அதிகம் வேணும், அத மனை வாங்கறதுக்கு முன்னாடியே கணக்குல எடுக்கணும். மறுபக்கம் 1 நிமிஷத்துக்குள்ள 25 மில்லிமீட்டர் போயிடுச்சுன்னா சரளை, தண்ணி சுத்தமாகாமலே கீழ போயிடும், அங்க வடிகட்ட நடுத்தர மணல் அடுக்கு கொண்டு வந்து போடணும். கிணத்துக்கு தூரம் பல இடத்துல குறைஞ்சது 30 மீட்டர், சில நாட்டுல 50. உங்க கிணறு மட்டும் இல்ல, பக்கத்து மனைக்காரர் கிணத்தையும் சேத்து அளங்க, அவர் குடிக்கற தண்ணியும் இதே மண்ணுலேர்ந்துதான் வருது.

டெஸ்ட் பாஸ் ஆனதுக்கு அப்புறம் கெடுக்கற ஆளுங்களும் இருக்காங்க. வீடு கட்டும்போது செங்கல் லாரியும் மெஷினும் அந்த இடத்துலயே ஏறி இறங்கி மண்ண இறுக்கி விட்டுடும், 15 நிமிஷ மண்ணு 70 நிமிஷ மண்ணா ஆகிடும், யாருக்கும் காரணமே தெரியாது. இல்ல மனைய சமப்படுத்தறேன்னு நல்ல மேல் அடுக்க சீவி எடுத்துடுவாங்க. டெஸ்ட் முடிஞ்ச அன்னிக்கே நாலு மூலைல கம்பு நட்டு கயிறு கட்டுங்க, ட்ரெஞ்ச் பரப்பு அளவுக்கு இன்னொரு பங்கு இடத்தையும் பின்னாடி தேவைக்குன்னு அதுக்குள்ளயே ஒதுக்கிடுங்க, மேஸ்திரிகிட்ட வண்டி உள்ள வரக்கூடாதுன்னு சொல்லிடுங்க.

உங்களுக்கு இப்ப என்ன பண்றதுன்னா, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி மண் ஆய்வு சரியா வந்தாதான் வாங்குவேன்னு எழுத்துல கேளுங்க, நேர்மையா விக்கிறவர் மறுக்க மாட்டார். மழைக்காலம் முடியற வரைக்கும் காத்திருக்க முடிஞ்சா அப்ப டெஸ்ட் பண்ணுங்க, முடியலன்னா கலர அதிகம் நம்புங்க. நீங்க தோண்டின அந்த ஒரு முழக் குழிய மூட வேண்டாம், அதையே அகலமாக்கி கீழ இறக்குங்க, ராத்திரில மட்டும் பலகை போட்டு மூடி வைங்க, குழந்தைங்களோ ஆடு மாடோ விழுந்துடக் கூடாது. ஒன்றரை மீட்டர் வரைக்கும் சீரான செவப்போ பழுப்போ இருந்தா தண்ணி டெஸ்டுக்குப் போங்க. 60 சென்டிமீட்டர்லயே சாம்பல் கலர் தெரிஞ்சா அங்கயே நிறுத்திட்டு, மனையோட மேட்டுப் பக்கத்துல இன்னொரு குழி எடுத்துப் பாருங்க.